நங்கூரத்தைப் பார்க்கிறதா, தட்டைப் பார்க்கிறதா?

பழைய ஆங்கிலப் பீங்கான் சேகரிக்கிற ஒருவரின் கையில் ஒரு தட்டைக் கொடுத்தால் அவர் முதல் வேலையாக அதைக் கவிழ்ப்பார். முன்பக்கத்தில் யாரோ ஒருவர் கண்வலிக்க இருந்து வரைந்த பூங்கொத்து இருக்கும். அது பிறகு. முதலில் அடிப்பக்கம், அங்கே இருக்கிற குறி. செல்சி தொழிற்சாலையின் குறி ஒரு நங்கூரம். அது சில மில்லிமீற்றர்தான் இருக்கும். 1750ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைப் புடைப்பாக ஒட்டினார்கள். பிறகு சிவப்பில் வரைந்தார்கள். 1750களின் கடைசியில் இருந்து பொன் நிறத்தில் வரைந்தார்கள். நிறத்தை வைத்து ஆண்டைச் சொல்லலாம், ஆண்டை வைத்து விலையைச் சொல்லலாம். அவ்வளவுதான், தட்டு வாசிக்கப்பட்டுவிட்டது.

இந்தக் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கத்தோடு எங்களுக்கு ஒரு சண்டை இருக்கு. குறியைப் பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு பீங்கானில் மிக இலேசாகப் பொய் சொல்லக்கூடிய இடம் அந்தக் குறிதான். பொய் சொல்ல முடியாத இடங்கள் வேற: அதன் களி, அதன் ஓவியம், அது உடைந்த விளிம்பு. அந்த மூன்றையும் வாசித்தால் ஒரு தட்டு பதினெட்டாம் நூற்றாண்டு உலகத்தைப் பற்றி ஒரு புத்தகம் அளவுக்குக் கதைக்கும். சேகரிக்கிற உலகம் அந்தக் கதையை விலைப்பட்டியலாகச் சுருக்கிவைத்திருக்கு எண்டுறதுதான் எங்கட குறை.

‘வெள்ளைக்காரன்ர கப்பும் சோசரும் எங்களுக்கு என்னத்துக்கு?’ எண்டு எங்கட கூட்டத்திலேயே கேட்பார்கள். கலைப்பீடத்தில் படிக்கிறவர்களிடம் இப்படியான பொருட்களைப் பற்றி இரண்டு சுலபமான மனநிலைகள் உண்டு. ஒன்று, வாயைப் பிளந்து வியப்பது. மற்றது, காலனியம் என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவைப்பது. இரண்டிலும் ஒரு வசதி இருக்கு, பொருளைக் கிட்டப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. நாங்கள் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்கிறோம். பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரங்களின் படங்களை இணையத்தில் போட்டிருக்கின்றன. காசில்லாத மாணவருக்கும் அது திறந்த அலுமாரி.

முதலில் சொல்லில் இருந்து தொடங்குவோம். எங்கட பேச்சில் பீங்கான் என்றால் சோறு சாப்பிடுகிற எந்த வெள்ளைத் தட்டும்தான். இந்தச் சொல் பாரசீகத்திலும் மலாயிலும் கிட்டத்தட்ட இதே ஒலியோடு இருக்கிறது, சிங்களத்தில் பிங்கான. கடல் வழியாக வந்த பொருளோடு சொல்லும் வந்தது. ஆனால் இந்தக் கட்டுரையில் பீங்கான் என்று நாங்கள் சொல்வது சீனர்கள் கண்டுபிடித்த அந்தக் குறிப்பிட்ட பொருளை: வெள்ளையாக, மெல்லியதாக, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரலின் நிழல் தெரிகிற, தட்டினால் மணிபோல ஒலிக்கிற பொருள். அது எங்கட பக்கத்துக்குப் புதுசு இல்லை. அல்லைப்பிட்டியில் 1977இல் நடந்த அகழ்வில் சீனத்துச் சொங் காலத்துப் பாண்டங்கள் கிடைத்தன. அவை 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியவை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இதை யாருக்கும் செய்யத் தெரியாது. அறுநூறு வருசத்துக்குப் பிறகும் தெரியாது.

ஐரோப்பாவில் முதலில் இரகசியத்தைப் பிடித்தது ஜேர்மனியின் சாக்சனி. தங்கம் செய்யத் தெரியும் என்று சொல்லித் திரிந்த பொட்கர் என்ற இளைஞனை மன்னன் அவுகுஸ்துஸ் காவலில் வைத்திருந்து வேலை வாங்கினான். தங்கம் வரவில்லை, பீங்கான் வந்தது. 1710இல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. இங்கிலாந்தில் மன்னர் காசு போடவில்லை. 1740களில் தனி வியாபாரிகள்தான் தங்கள் முதலைப் போட்டு இறங்கினார்கள். செல்சியை நடத்தியவர் நிக்கலஸ் ஸ்பிரிமொன்ட், லியேஜில் பிறந்த வெள்ளிவேலைக்காரர். கிழக்கு இலண்டன் பக்கம் இருந்த தொழிற்சாலைக்குப் ‘போ’ என்று பெயர், அது அந்த இடத்தின் பெயர். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் தோமஸ் ஃப்ரை என்ற ஓவியர். பிறகு 1751இல் வூஸ்டர் வந்தது, அதே காலத்தை ஒட்டி டார்பியும் வந்தது.

சீனர்களின் சேர்மானம் இவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஆளாளுக்கு ஒரு சமையல் குறிப்பு. செல்சிக்காரர் களியோடு கண்ணாடித் தூளைக் கலந்தார்கள். போவில் மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கலந்தார்கள். வூஸ்டரில் கோர்ன்வோலில் இருந்து வந்த மாக்கல்லைப் போட்டார்கள். இந்த வித்தியாசம் வெறும் வேதியியல் இல்லை. மாக்கல் கலந்த வூஸ்டர்க் கப்பில் கொதிநீர் ஊற்றினால் வெடிக்காது. மற்றவர்களுடையது வெடிக்கக்கூடும். தேத்தண்ணிப் பித்துப் பிடித்த நாட்டில் அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. கண்ணாடித் தூள் போட்டவர்கள் அழகான பொருளைச் செய்தார்கள், ஆனால் சூளையில் பாதி நெளிந்து போனது. 1768இல் வில்லியம் குக்வேர்தி கோர்ன்வோலிலேயே வெண்களியைக் கண்டு உண்மையான வன்பீங்கானுக்குக் காப்புரிமை எடுத்தார். அந்த நூற்றாண்டு முடிகிற நேரத்தில் ஸ்போட் குடும்பத்தார் வெண்களியோடு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி எலும்புச் சாம்பலைச் சேர்த்து ஒரு சேர்மானத்தை நிலைப்படுத்தினார்கள். இன்றைக்கும் ‘போன் சைனா’ என்று கடையில் விற்கிறது அந்த வழிதான். சைவக்காரர் வீடுகளில் இதைச் சொல்லாமல் விடுவது நல்லது.

இனி முன்பக்கத்துக்கு வருவோம், ஓவியத்துக்கு. ஆங்கிலப் பீங்கானின் அலங்காரப் பாணிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தொடக்க காலத்தில் அவற்றில் ஆங்கிலம் என்று சொல்ல அவ்வளவாக ஒன்றும் இல்லை.

நீலமும் வெள்ளையும் சீனத்தின் பாணி. கோபால்ற் நீலத்தை, பளபளப்புப் பூச்சுக்கு அடியிலேயே தீட்டிச் சுடுவார்கள். ஒரே நிறம், செலவு குறைவு. எல்லாத் தொழிற்சாலைகளும் இதைத்தான் அதிகம் செய்தன. போ தொழிற்சாலை தனக்கு ‘புதிய கன்ரன்’ என்றே பெயர் வைத்துக்கொண்டது. 1750ஆம் ஆண்டு என்று எழுதிய அவர்களின் மைக்கூடுகளில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. இலண்டனில் செய்துவிட்டுக் கன்ரன் என்று எழுதியவர்கள் அவர்கள்.

அடுத்தது யப்பானின் ககியேமொன் பாணி. பால் வெள்ளையை நிறைய வெறுமையாக விட்டு, ஓரத்தில் செம்மஞ்சள் கலந்த சிவப்பும் பச்சையும் நீலமும் கொண்டு ஒரு கிளை, அதன் கீழே இரண்டு காடைகள். எங்கட கண்ணுக்கு இந்தப் பாணிதான் எல்லாவற்றிலும் அமைதியானது. அதே யப்பானின் இமாரி இதற்கு நேர் எதிர். கடும் நீலம், சிவப்பு, பொன் எல்லாம் இடைவெளி விடாமல் நிறைந்திருக்கும். டார்பி பின்னாளில் இதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இதற்குப் பிறகு மைசனின் சிதறிய பூக்கள். அதற்குப் பிறகு பிரான்சின் செவ்ரைப் பார்த்து வந்த கனத்த நிறத்தளங்களும் தங்கமும். செல்சியின் பொன் நங்கூரக் காலம் அதுதான், கலியாண வீட்டு மேடைபோல இருக்கும். வூஸ்டர்க்காரர் கடும் நீலத்தளத்தை மீன்செதிலாகச் செதிலாக வரைந்தார்கள். நடுவில் வெள்ளைச் சாளரம்போல விட்ட இடத்தில் பறவைகள்.

செல்சியின் தாவரத் தட்டுகளைத் தனியாகச் சொல்ல வேணும். 1755ஐ ஒட்டி வந்தவை. ஒரு செடி, அதன் இலை, காய், வேர், கூடவே ஒரு வண்ணத்துப்பூச்சி. எல்லாம் தாவரவியல் புத்தகப் படம்போல, பல ஏறெற் என்பவரின் தாவரப் படங்களைப் பார்த்து வரைந்தவை. ஹான்ஸ் ஸ்லோனின் பெயரால் இவற்றை அழைக்கிறார்கள். ஸ்லோன் மருத்துவர், செல்சியில் இருந்த மூலிகைத் தோட்டத்தின் புரவலர். அவருடைய சேகரத்தில் இருந்துதான் பிரித்தானிய அருங்காட்சியகமே தொடங்கியது. தட்டில் அங்கங்கே நிற்கிற சின்னப் பூச்சிகளைக் கவனியுங்கள். சில நேரம் அவை அழகுக்காக வந்தவை இல்லை. சூளையில் விழுந்த புள்ளியையோ கீறலையோ மறைக்க வந்தவை. குறையின் மேல் ஒரு வண்டைப் பறக்கவிட்ட அந்த ஓவியரை எங்களுக்குப் பிடிக்கும்.

இப்போது பாருங்கள்: சீனம், யப்பான், ஜேர்மனி, பிரான்ஸ். எல்லாம் படி எடுத்தது. 1751இல் செல்சிக்காரர் ஒரு இராசதந்திரி சேர்த்துவைத்திருந்த மைசன் பொருட்களை இலண்டனில் ஹொலன்ட் மாளிகையில் இருந்து கடனாக வாங்கி, முன்னால் வைத்துப் பார்த்துச் செய்தார்கள். அந்த மைசன்காரர்தான் யப்பானைப் பார்த்துச் செய்தவர்கள். படியின் படி. இதில் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஒரு கையை முதலில் பழக்குவது இன்னொரு கையைப் பார்த்துத்தான். எங்கட மிருதங்கமும் அப்படித்தான் வந்தது, அகரம் எழுதினதும் அப்படித்தான்.

கோபம் வருவது வேறு இடத்தில். வூஸ்டர் தன் சில பொருட்களின் அடியில் மைசனின் குறுக்குவாள் குறியைப் போட்டது. சீன எழுத்துப்போலத் தோன்றுகிற, ஆனால் எந்தச் சீனராலும் வாசிக்க முடியாத கிறுக்கல்களையும் போட்டது. நூறு வருசம் கழித்து பாரிசில் சாம்சன் நிறுவனம் செல்சியைப் பார்த்துச் செய்த பொருட்களில் பொன் நங்கூரம் ஏறியது. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் சாம்சனைப் போலி என்பார்கள், வூஸ்டரின் வாள்குறியை ஒரு சுவாரசியம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது காலம் மட்டும்தான். பார்த்துச் செய்வது கல்வி. பெயரை மாற்றி எழுதுவது ஏமாற்று. இந்தக் கோட்டை எல்லாருக்கும் ஒரே இடத்தில் போட வேண்டும் என்பது எங்கட கருத்து. பழசாகிவிட்டது என்பதற்காக ஒரு பொய் மரபாக மாறக்கூடாது.

கவனித்துப் பார்ப்பவரை இந்தப் பொய்கள் ஏமாற்றுவதில்லை எண்டுறதும் ஒரு ஆறுதல். உண்மையான பொன் நங்கூரம் மிகச் சிறியது, போலிக்காரர்களோ பெரிதாக வரைந்துவிடுவார்கள். செல்சி மென்பீங்கான், சாம்சன் வன்பீங்கான். சிவப்பு நங்கூரக் காலத்துச் செல்சித் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகள் தெரியும். அவற்றை நிலாக்கள் என்கிறார்கள். போனில இருக்கிற ரோச் லைற் போதும். களி பொய் சொல்லாது என்று நாங்கள் சொன்னது இதைத்தான்.

குறிக்கு இன்னொரு குணமும் இருக்கு. அது முதலாளியின் பெயரைத்தான் சொல்லும். வரைந்தவர்களில் மிகச் சிலரே எங்கேயாவது கையொப்பம் இட்டார்கள். 1750களில் வூஸ்டர் படம் அச்சிடும் முறைக்கு வந்தபிறகு கைகள் இன்னும் கூடின, பெயர்கள் இன்னும் குறைந்தன. செப்புத்தகட்டில் ஒருவர் படத்தைச் செதுக்குவார். இன்னொருவர் மையிட்டு மெல்லிய தாளில் அச்செடுப்பார். சிறுமிகள் தாளை அளவாக வெட்டுவார்கள். பெண்கள் அதைத் தட்டின் மேல் ஒட்டித் தேய்த்து இறக்குவார்கள். ஸ்ரஃபோட்ஷயரில் இது பெரிய தொழிலாக வளர்ந்தது. உலகம் முழுக்கத் தெரிந்த நீல ‘வில்லோ’ வடிவம், அதாவது வில்லோ மரம், பாலத்தில் மூன்று பேர், வானத்தில் இரண்டு பறவை, இந்த வழியில்தான் பரவியது, பீங்கானை விட மலிவான மண்பாண்டங்களில் அதிகமாக. அதோடு சொல்லப்படுகிற சீனக் காதல் கதை 1849இல் ஒரு ஆங்கிலச் சஞ்சிகையில் வந்தது. வடிவம் அதைவிட ஐம்பது வருசத்துக்கு மேல் பழசு. கப்பை விற்கக் கதையும் வேண்டியிருந்தது.

1840களின் தொடக்கத்தில் சிறுவர் வேலைபற்றி அரசு அமைத்த ஆணைக்குழுவுக்காக சாமுவேல் ஸ்கிரிவன் என்பவர் அந்தத் தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் வாக்குமூலங்களையே எழுதியெடுத்தார். ஈரத் தட்டை அச்சோடு தூக்கிக்கொண்டு சுடுகிற உலர்த்தறைக்கு ஓடி, திரும்பி வந்து, அடுத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சிறுவர்கள் நாள் முழுக்க இதையே செய்தார்கள். பூச்சில் ஈயம் இருந்தது. தட்டை அதில் தோய்த்தவர்களின் கைகளுக்குள் ஈயம் இறங்கியது. ஏலப் புத்தகம் ஒன்று கப்பின் பிடியில் இருக்கிற மயிர்க்கீறலைக்கூட விடாமல் எழுதும். அந்தக் கப்பைத் தோய்த்த கைக்கு என்ன நடந்தது எண்டு எழுதாது.

இங்கே இன்னொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம், சீனிக்கிண்ணம். தேநீர்ச் செற்றில் அது இல்லாமல் இருக்காது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் தேயிலை சீனாவில் இருந்து வந்தது. சீனி கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் இருந்து வந்தது. தாவரத் தட்டுகளுக்குப் பெயர் கொடுத்த ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பகுதி மனைவி வழியாக ஜமேக்காத் தோட்டங்களில் இருந்து வந்ததுதான். ஆனால் அதே சீனிக்கிண்ணம் எதிர்த்தும் பேசியது. 1820களில் அடிமைமுறைக்கு எதிரான இயக்கத்தில் இருந்த பெண்கள், உள்ளே இருப்பது அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சீனி என்று வெளியே எழுதிய கிண்ணங்களை மேசையில் வைத்தார்கள். வந்த விருந்தாளி சீனி எடுக்கக் கையை நீட்டினால் அரசியல் கண்ணில் படும். ஒரு கிண்ணத்தால் இவ்வளவு செய்ய முடிந்திருக்கு. கம்பனி ஆண்ட இந்தியாவில் அடிமைமுறையைச் சட்டம் ஏற்க மறுத்தது 1843இல்தான் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சுத்தமான கை என்று கிண்ணம் காட்டிய திசையிலும் கை அவ்வளவு சுத்தமாக இல்லை.

பிறகு தேயிலையின் திசையும் மாறியது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்ரஃபோட்ஷயரின் கப்புகளுக்குள் இலங்கைத் தேயிலை இருந்தது. அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் மலையகத் தமிழர்கள். அந்தக் கப்பின் அடியிலும் தொழிற்சாலையின் குறி இருக்கிறது. உள்ளே இருந்ததற்குக் குறி இல்லை. ‘எங்களுக்கு என்னத்துக்கு’ என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சேகரிப்பவர்களை எதிரியாக்க எங்களுக்கு விருப்பமில்லை. சீமாட்டி ஷார்லட் ஷ்ரைபரை நினைத்துப் பாருங்கள். வேல்ஸில் டௌலைஸ் இரும்பாலையின் முதலாளியை மணந்தவர், அவர் இறந்தபிறகு ஆலையைத் தானே நடத்தியவர். வேல்ஸின் பழைய கதைகளை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவர். மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சார்ல்ஸ் ஷ்ரைபரை இரண்டாவதாக மணந்தார். இருவரும் ஐரோப்பா முழுக்கக் கடைகடையாக ஏறி இறங்கிப் பீங்கான் தேடினார்கள். எங்கே, என்ன வாங்கினோம் என்று அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கணவர் இறந்தபின் ஆங்கிலப் பாண்டங்களின் பெரும் சேகரத்தை இன்று விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகம் என்று சொல்லப்படுவதற்கே கொடுத்துவிட்டார். காசு எங்கிருந்து வந்தது என்று டௌலைஸ் தொழிலாளிகள் கேட்டால் அதுவும் நியாயமான கேள்வி. ஆனால் அவர் எழுதியும் கொடுத்தும் இருக்காவிட்டால் நாங்கள் இன்று பார்ப்பதற்கே பலது இருந்திருக்காது. பூட்டி வைக்கிறவருக்கும் எழுதி வைக்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு.

ஆகவே சேகரிக்கிற ஆசை உள்ளவர்களுக்கு எங்கட யோசனை: உடைந்ததை வாங்குங்கள், அல்லது உடைந்ததைத் தேடிப் பாருங்கள். சந்தையில் அதற்குத்தான் விலை குறைவு, கதை அதிகம். மென்பீங்கான் உடைந்த இடம் சீனிக்கட்டிபோலச் சொரசொரப்பாக இருக்கும், வன்பீங்கான் உடைந்த இடம் கண்ணாடிபோல மழமழப்பாக இருக்கும். முன்னைய காலத்தில் பீங்கான் உடைந்தால் எறியமாட்டார்கள். இரண்டு பக்கமும் நுண்ணிய துளை போட்டு, உலோகக் கம்பியால் தையல்போட்டுச் சேர்ப்பார்கள். அப்படித் தைத்த தட்டைக் கண்டால் விலை விழுந்துவிடும். எங்களைக் கேட்டால் ஏற வேண்டும். தைக்காத தட்டு அலுமாரியில் இருந்த தட்டு. தைத்த தட்டு ஒரு வீட்டுக்குத் தேவைப்பட்ட தட்டு.

உங்கட வீட்டிலும் ஒருக்கால் பாருங்கள். அம்மம்மாவின் கண்ணாடி அலுமாரியில் பழைய தட்டு ஒன்று மிஞ்சி, அடியில் ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிறகு வந்தது. செய்த நாட்டின் பெயரைப் போட வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்ட பிறகுதான் அந்தச் சொல் வழக்கமானது. அவ்வளவையும் குறி சொல்லும். அந்தத் தட்டில் யாருக்குச் சோறு போட்டார்கள், யாருக்குப் போடவில்லை, இடம்பெயர்ந்தபோது அதை யார் துணியில் சுற்றிக் காவினார்கள் என்பதை அம்மம்மாதான் சொல்ல வேணும். அவவைக் கேட்டு எழுதி வையுங்கோ.